கீழ்நோக்கிய முப்பத்து நான்கு அம்புகள்

எட்டு மாடிக் கட்டடம் ஒன்று. அதற்கு ஒரே ஒரு லிஃப்ட். அந்த லிஃப்டுக்கு ஒரே ஒரு ஆள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவாக இருந்தால் என்ன, கட்டடத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் அவள் லிஃப்ட்டக்காதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்டும் அக்கா என்பாள், பேரன் எடுத்த வக்கீலும் அக்கா என்பார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் அக்கா என்று கூப்பிடும்போது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கோபத்தை லிஃப்டுக்குள் ஏற்றக் கூடாது, ஆறு பேருக்குத்தான் இடம் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

பழைய காலத்து லிஃப்ட் அது. இழுத்து மூடும் இரும்புக் கிரில் கதவு, ஒரு பித்தளைப் பிடி, உட்கார ஒரு முக்காலி. பிடியை வலப்பக்கம் தள்ளினால் மேலே, இடப்பக்கம் தள்ளினால் கீழே. எந்த மாடியில் யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் மணி கெட்டுப்போய் நாலு வருஷம் ஆயிற்று. பழுதுபார்க்க மனசில்லாத முதலாளி சொல்லிவிட்டார்: "மணியும் வேணாம், கினியும் வேணாம். நீ பாட்டுக்கு நிக்காம ஓட்டிக்கிட்டே இரு. மேல போ, கீழ வா. நிக்கிறவங்களை ஏத்திக்க." அன்றிலிருந்து அவள் அப்படித்தான். ஒரு மாடிக்கு அரை நிமிஷம். அடியிலிருந்து உச்சிக்கு நாலு நிமிஷம், உச்சியிலிருந்து அடிக்கு நாலு நிமிஷம். சுற்றுக்கு எட்டு நிமிஷம் என்றால் எட்டேதான். கடிகாரம் பார்க்காமலே சொல்வாள்.

இன்னொன்றும் உண்டு. கிரில் வழியே மேலே போகும்போது வெளியே நிற்பவரின் செருப்புதான் முதலில் தெரியும். கீழே வரும்போது தலைதான் முதலில் தெரியும். அவள் செருப்பைப் பார்த்தே பாதிப் பேரை அடையாளம் சொல்வாள், உச்சந்தலையைப் பார்த்தே மீதிப் பேரை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அவள் வீட்டுக்காரர் பெயிண்டர். இதே கட்டடத்தின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது கயிறு நழுவிவிட்டது. உயிர் பிழைத்தார், வலது கால் பிழைக்கவில்லை. முதலாளிக்கு மனசாட்சி உறுத்தியது. தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால் இருந்த ஓர் அறையை அவர்களுக்குக் கொடுத்து, லிஃப்டையும் அவளிடம் கொடுத்தார். எதுவும் எழுத்தில் கிடையாது. லிஃப்ட் இருக்கும்வரை அறை, லிஃப்ட் போனால் அறையும் போச்சு. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அவளுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியும், அதுவும் மூன்றெழுத்து. ஆனால் அவளுடைய அப்பா தச்சர். மரம் அறுத்துக்கொண்டே பிள்ளைகளிடம் ஏதாவது கணக்கு விட்டுக்கொண்டிருப்பார். பார்த்தால் சுலபமாக இருக்கும், பதில் சொன்னால் தப்பாக இருக்கும், அந்த மாதிரிக் கணக்குகள். அந்தப் பழக்கம் அவளோடு லிஃப்டுக்குள்ளும் ஏறிவிட்டது. ஏறும்போது கேள்வி, இறங்கும்போது பதில். இதுதான் அவள் சட்டம்.

"இருட்டுல ஒரு பெட்டி. பத்து கறுப்பு சாக்ஸ், பத்து வெள்ளை சாக்ஸ். கண்ணு தெரியாது. ஒரே கலர்ல ஒரு ஜோடி நிச்சயமா வேணும். எத்தனை எடுக்கணும்?"

"பதினொண்ணு!" என்பார் வக்கீல்.

"யோசிச்சுட்டு வாங்க. இறங்கும்போது சொல்றேன்."

இறங்கும்போது மூன்று என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். "ரெண்டு கலருதானே சார் இருக்கு? மூணாவது எந்தக் கலரா இருந்தாலும் முதல் ரெண்டுல ஒண்ணுக்கு ஜோடி ஆயிடாதா?" என்று கேட்டால் நெற்றியில் அடித்துக்கொண்டு போவார். ஏழாம் மாடிப் பல் டாக்டரம்மாவிடம் வருகிற நோயாளிகள்கூட, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சாக்ஸ் எண்ணுவார்கள்.

அப்படித்தான் வினை வந்தது.

முதல் மாடியில் இன்சூரன்ஸ் ஆபீஸ். அதன் தலைமை அதிகாரியைக் கட்டடமே 'ஒண்ணாம்மாடி சார்' என்று சொல்லும். கணக்கில் புலி என்று பெயர். ஒரு நாள் அவர் தன் ஆபீஸ் பிள்ளைகள் நாலு பேரோடு ஏறினார். அவள் வழக்கம்போலக் கேட்டாள்: "ஒரு கட்டையை ரெண்டு துண்டா அறுக்கப் பத்து நிமிஷம். அதே மாதிரிக் கட்டையை மூணு துண்டா அறுக்க?"

"பதினஞ்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"இருபது சார். ரெண்டு துண்டுக்கு ஒரு அறுப்பு. மூணு துண்டுக்கு ரெண்டு அறுப்பு. எங்கப்பா அறுத்து நான் பார்த்திருக்கேன்."

பிள்ளைகள் நாலு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் கூரையைப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவள்தான், ஆனால் அவருக்கு அது தெரியவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று.

அதற்கப்புறம் அவர் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தார். எட்டாம் மாடியிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி கூப்பிடும்போதெல்லாம் அவர் மேலே போக வேண்டும். வெளியே வந்து நிற்பார். லிஃப்ட் வரும். ஆனால் கீழ்நோக்கி வரும்! அவர் எதிரில் நின்று, கீழே போய், ஆளை இறக்கி ஏற்றி, திரும்பி வந்தால்தான் அவர் ஏற முடியும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. அவர் ஒரு குறிப்பேடு போட்டார். லிஃப்ட் கீழ்நோக்கி வந்தால் கீழ் அம்பு, மேல்நோக்கி வந்தால் மேல் அம்பு. நாற்பது தடவை எழுதிப் பார்த்தார். கீழ் அம்பு முப்பத்து நான்கு. மேல் அம்பு ஆறே ஆறு.

"லிஃப்ட் மேலே போற தடவையும் கீழே வர்ற தடவையும் சமம். அப்படின்னா பாதிக்குப் பாதிதானே வரணும்? நான் நிக்கிறதைப் பார்த்துட்டு வேணும்னே இப்படிப் பண்றா" என்று கட்டட மேனேஜரிடம் புகாரைக் கொடுத்தார். அம்புகளையும் இணைத்திருந்தார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். அவளைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள எழுத்துல விளக்கம் கொடும்மா. சரியா இல்லைன்னா வேற ஆளைப் போடச் சொல்லி முதலாளி சொல்லிட்டார்" என்றார்.

"வேற ஆளைப் போட்டா அந்த ஆளு எங்க தங்குவாரு?"

மேனேஜர் மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நாற்பதுக்கு முப்பத்து நான்கு என்றால்? தன் கை தன்னை அறியாமல் அப்படிச் செய்கிறதோ என்று பித்தளைப் பிடியையே சந்தேகத்தோடு பார்த்தாள். சரி, எப்படியாவது மனிதரைச் சமாதானப்படுத்துவோம் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

வியாழக்கிழமை காலை லிஃப்ட் நிறைய ஆளோடு கீழே வந்துகொண்டிருந்தாள். முதல் மாடியில் ஒண்ணாம்மாடி சாரின் வழுக்கை தெரிந்தது. நிறுத்தினாள். ஒருவர் இறங்கிய இடத்தில் அவரை ஏற்றிக்கொண்டாள். கீழே போகாமல், பிடியை அப்படியே மேலே தள்ளிவிட்டாள்.

உள்ளே இருந்த ஐந்து பேரும் கீழே போக வேண்டியவர்கள்!

"அக்கா, என்னக்கா இது?"

"இருங்க, சார் அவசரமா போகணுமாம்."

"எனக்கு மட்டும் அவசரம் இல்லையா?" என்று வக்கீல் கத்தினார். "கோர்ட்டு கீழ இருக்கு, மேல இல்ல! மேல இருக்கிறது வேற கோர்ட்டு. அங்க போக எனக்கு இன்னும் நாள் இருக்கு!"

ஆளுயரக் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கடைக்காரர், "கை போச்சு, கை போச்சு" என்று அழாத குறை. எல்லோருடைய வசவும் கடைசியில் ஒண்ணாம்மாடி சார் தலையில் விழுந்தது. தரைத்தளத்தில் இருபது பேர் காத்திருந்து காத்திருந்து படியேறிப் போனார்கள். சாயங்காலம் சாருடைய குறிப்பேட்டில் இன்னொரு வரி சேர்ந்தது: 'பயணிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக மேலே கொண்டுசென்றார்.'

வேறு யாருக்காவது குறை உண்டா என்று மேனேஜர் மாடி மாடியாகக் காகிதம் அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஏழாம் மாடியிலிருந்து பதில் வந்தது. பல் டாக்டரம்மாவுக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் பொய் எழுதத் தெரியாதவர். 'நான் கீழே போக வெளியே வரும்போதெல்லாம் லிஃப்ட் மேல்நோக்கியே வருகிறது. வாய் மரத்துப்போன நோயாளிகளும் எட்டாம் மாடியைப் பார்த்துவிட்டுத்தான் கீழே போகிறார்கள்' என்று இரண்டு வரி எழுதியிருந்தார்.

ஒரு புகார் இரண்டானது.

"போய்க் கால்ல விழுந்துடு" என்றாள் படிக்கட்டு பெருக்குகிறவள். இருபது வருஷச் சிநேகிதி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "இனிமே பண்ணமாட்டேன்னு சொல்லு. முடிஞ்சுது."

"பண்ணாததை இனிமே பண்ணமாட்டேன்னு எப்படிடி சொல்றது?"

"வாயாலதான் சொல்றது. உனக்கு அறை வேணுமா, வீம்பு வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"அப்ப துணிமணியைக் கட்டி வை."

அந்த வார்த்தையைக் கேட்டு வீட்டுக்காரர் நிஜமாகவே கட்ட ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடாது. கட்டிலில் உட்கார்ந்தபடியே எட்டின பாத்திரத்தையெல்லாம் எடுத்து ஒரு பழைய போர்வையில் வைத்தார். அவள் மத்தியானம்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு புகாரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், மனசுக்குள்.

"ஏங்க, ஒருத்தர் எப்பவும் கீழ வருதுங்கிறார். இன்னொருத்தங்க எப்பவும் மேல போகுதுங்கிறாங்க. ஒரே லிஃப்ட்டு. எப்பவும் மேலயே போயிருந்தா இந்நேரம் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிருக்காதா?"

"எப்பவும் கீழயே வந்திருந்தா கிணறு தோண்டியிருக்கும்" என்றார் அவர், தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஒண்ணாம்மாடி சாரை நினைத்தால் அவளுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வழுக்கை. அவர் என்ன செருப்புப் போடுகிறார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. டாக்டரம்மாவை நினைத்தால்? வெள்ளை ஷூ. கொண்டையா பின்னலா என்று கேட்டால் தெரியாது. இத்தனை வருஷமாக அவரை மேலிருந்தும், இவரைக் கீழிருந்துமே பார்த்திருக்கிறாள்! அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவளும் எதுவும் செய்யவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்?

விறுவிறுவென்று எழுந்தாள். கதவு நிலையின் மேல் இருந்த ஆணியில் ஒரு நூலைக் கட்டித் தரைவரை தொங்கவிட்டாள். இடைவெளி எட்டு வருகிற மாதிரி கரியால் நிலையில் கோடு போட்டாள். கையிலிருந்த வளையலைக் கழற்றி நூலில் கோத்து, ஒரே சீராக மேலே தள்ளி, கீழே இறக்கி, மேலே தள்ளி, கீழே இறக்கினாள்.

"வாரம் பூரா லிஃப்ட் ஓட்டினது பத்தலைன்னு ஞாயித்துக்கிழமை வளையல் ஓட்டறியா?"

"கண்ணை மூடிக்குங்க. உங்களுக்குத் தோணும்போதெல்லாம் நில்லுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். "நில்லு." வளையல் நாலாவது கோட்டில். "நில்லு." ஆறில். "நில்லு." இரண்டில். "நில்லு." ஏழில். எத்தனை தடவை நிறுத்தினாலும் முதல் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. பதினோராவது தடவைதான் கீழே மாட்டியது.

"போர்வையை அவிழுங்க" என்றாள்.

"நாளைக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு அவிழ்க்கறேன்" என்றார் அவர். உயரத்திலிருந்து ஒரு தடவை விழுந்தவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் மேனேஜர், ஒண்ணாம்மாடி சார், டாக்டரம்மா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள்.

"விளக்கம் எங்கம்மா?"

"எனக்கு எழுத வராது சார். காட்டறேன். இன்னிக்கு ரெண்டு மணி நேரம் லிஃப்ட்டை நீங்க ஓட்டுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டுத் தரைத்தளத்துல உக்காந்துக்கறேன். டாக்டரம்மா ஒண்ணாம்மாடி சார் ஆபீஸ்ல இருக்கட்டும். சார் டாக்டரம்மா கிளினிக்கில இருக்கட்டும். அங்கங்க போன் அடிக்கும்போதெல்லாம் வெளிய வந்து, லிஃப்ட் முதல்ல எந்தப் பக்கமா வருதுன்னு எழுதிக்கட்டும். சார்கிட்டதான் நோட்டு இருக்கே."

"இதெல்லாம் வேண்டாத வேலை" என்றார் ஒண்ணாம்மாடி சார்.

"நாற்பது தடவை எழுதினீங்க சார். இன்னும் ரெண்டு மணி நேரம் எழுதுங்க."

டாக்டரம்மா முதலில் எழுந்துவிட்டார். அவருக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் கொள்ளைப் பிரியம்.

மேனேஜர் பிடியைப் பிடித்தார். அவள் சொன்ன இடத்தில் கையைக் கட்டி உட்கார்ந்தாள். கை மட்டும் சும்மா இருந்தது, மனசு ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கியது. வளையல் பதினொரு தடவைதான் நின்றது, லிஃப்ட் என்ன சொல்லப்போகிறதோ? வளையலுக்குக் கதவு திறந்து மூட வேண்டாம், வக்கீல் ஏற வேண்டாம். பெருக்குகிறவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரும் கீழே வந்தார்கள். மேனேஜர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கையை உதறிக்கொண்டே, "எப்படிம்மா நாள் முழுக்க இதைத் தள்ளறே?" என்றார்.

டாக்டரம்மா விரலை விட்டு எண்ணினார். "முதல் மாடியில பத்து தடவை போன் அடிச்சுது. எட்டு தடவை லிஃப்ட் கீழ்நோக்கி வந்தது. ரெண்டு தடவைதான் மேல்நோக்கி."

"ஆமா, எனக்கு உங்க கொண்டையாவே தெரிஞ்சுது" என்றார் மேனேஜர்.

ஒண்ணாம்மாடி சார் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழாம் மாடியில பத்து. ஒன்பது மேல் அம்பு" என்றார் மெல்ல. பிறகு மேனேஜரைப் பார்த்து, "நீங்களும் வேணும்னு பண்ணினீங்களா?" என்றார்.

"நானா? எனக்கு நிறுத்தவே சரியா வரலை, இதுல வேணும்னு வேற பண்றேனா?"

அப்போதுதான் அவள் பேசினாள். "சார், ஒரு சுத்துக்கு எட்டு நிமிஷம். அதுல முதல் மாடிக்குக் கீழ நான் இருக்கிறது ஒரே ஒரு நிமிஷம். மீதி ஏழு நிமிஷமும் உங்க தலைக்கு மேல எங்கயோதான் இருக்கேன். தலைக்கு மேல இருக்கிறவ எப்படி வருவா? இறங்கித்தான் வருவா. டாக்டரம்மாவுக்கு அப்படியே தலைகீழ். ஏழு நிமிஷம் அவங்க காலுக்குக் கீழ இருக்கேன். ஏறித்தான் வருவேன். நான் ஓட்டினாலும் அதான், மேனேஜர் ஓட்டினாலும் அதான், ஆளே இல்லாம ஓடினாலும் அதான்."

"ஆனா மேல போறதும் கீழ வர்றதும் சமம்தானே?" அவர் இன்னும் விடவில்லை.

"நாள் முழுக்க அங்கயே நின்னு எண்ணினா சமம்தான் சார். ஆனா நீங்க வந்து நிக்கும்போது முதல்ல வர்றது எது? அதுதான் சமமில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். கணக்கில் புலி என்ற பெயர் சும்மா வந்ததில்லை, விஷயம் உள்ளே இறங்கினதும் மனிதர் முகமே மாறிவிட்டது. "அட" என்றார். குறிப்பேட்டிலிருந்து அம்புப் பக்கத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார். அதுதான் எனக்குச் சாட்சி. நாற்பதுல முப்பத்தஞ்சு வரணும்னு என் வளையல் சொல்லுது. நீங்க முப்பத்து நாலு எழுதியிருக்கீங்க. இவ்வளவு நேர்மையா யாரு எழுதுவா?"

மேனேஜர் புகார்க் காகிதம் இரண்டையும் சேர்த்து மடித்தார். "முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன். லிஃப்ட்டும் உனக்குத்தான், அறையும் உனக்குத்தான்" என்றார். "எழுத்துல போட்டுக் கொடுத்துடறேன். எனக்கு அதுதான் நிம்மதி."

நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தவள், "சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஒண்ணாம்மாடி சாரிடம்தான் திரும்பினாள். "கீழ வர்ற லிஃப்ட்டுலயே ஏறிக்குங்க. கீழ போய்ட்டுத் திரும்பி மேல போவோம். நீங்க நின்னு காத்துக்கிட்டிருந்தாலும் அதே நிமிஷத்துலதான் எட்டாம் மாடிக்குப் போவீங்க. தப்பான பக்கம் ஏறினாலும் ஒரு நொடிகூட நஷ்டமில்லை."

அவர் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். நஷ்டமில்லைதான். "அப்ப எனக்குக் கேள்வி எப்போ? ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்டார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கேட்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அது அன்று அவர் வாயிலிருந்து இப்படித்தான் வந்தது. அவள் அதை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

அறைக்குப் போனாள். வீட்டுக்காரர் கட்டிலில் போர்வை மூட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே பிடி தளர்ந்துவிட்டது.

"அவிழ்க்கலாமா?"

"முதல்ல டீ போடணும். டீப் பாத்திரம் எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். நேற்று முதன்முதலாக எடுத்து வைத்தது அதைத்தான். தட்டு, டம்ளர், அடுக்கு, கரண்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையெல்லாம் பரப்பின பிறகு அது கிடைத்தது. அந்தச் சிறிய அறையில் கால் வைக்க இடமில்லை. இருவரும் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வெளியே தரைத்தளத்தில் நிற்பவர்கள், "அக்கா! லிஃப்ட்டக்கா!" என்று கத்துகிறது கேட்டது.

"இருங்க வரேன்" என்று உள்ளிருந்தே பதில் குரல் கொடுத்தாள். டீ குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.